அழுகிற கதையும் வேண்டும்

திருப்பூர் புத்தகத் திருவிழாவில் சிறுவர் நூல்கள் அடுக்கிய மேசை முன்னால் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது: “அழுகற கதையெல்லாம் வேண்டாமுங்க, சந்தோசமா ஒண்ணு குடுங்க.” பாசத்தில் வரும் பேச்சுதான். ஆனால் அந்தப் பாசம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறது.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் அம்மா வீடு திரும்பும் ஊர் இது. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய வேலை. கடன்காரர் வந்து கத்திவிட்டுப் போனது சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தாங்களே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததைப் பற்றிப் பேச ஒரு கதைகூடக் கொடுக்காமல் பிள்ளையை விடுவதைக் கைவிடுதல் என்றே சொல்வோம்.

கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இப்படிப் பயந்தவர்கள் இல்லை. உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர், பிள்ளைகள் இருக்கிறார்களே என்று பொன்னர் சங்கர் சாவை விழுங்கிவிடுவதில்லை. அந்தச் சாவை நடத்திக் காட்டும் படுகளத்தில் ஆட்கள் பிணமாகவே சாய்வார்கள். பிறகு தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். மடியில் கிடக்கும் பிள்ளை அலறும். ஆனால் எழுப்பி முடிகிறவரை மடி எங்கும் போகாது.

அச்சில் வந்ததில் நாம் முதலில் நீட்டுவது இரா. நடராசனின் ‘ஆயிஷா’வை. கேள்வி கேட்டதற்கு அடி வாங்கும் சிறுமி, அடி வலிக்காதிருக்க மருந்து தேடித் தவளையிடம் சோதித்து, பிறகு தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு சாகிறாள். கொடுமையான கதைதான். ஆனால் சொல்கிறவர் அவளுடைய ஆசிரியை. பழி பெரியவர்கள் தலையில்தான் விழுகிறது. விதியென்றும் குறும்பென்றும் பிள்ளை மேல் தள்ளிவிடவில்லை. நல்ல சிறுவர் நூலுக்கு இந்த நேர்மை போதும். கடைசிப் பக்கத்தில் தாத்தாவையோ நாய்க்குட்டியையோ சாகடித்து, கண்ணீர் காயுமுன் நீதி ஒன்றை ஒட்டிவிடும் எழுத்தாளர்களிடம் அது இல்லை. அவர்களை விட, பயமுறுத்தும் பேய்க்கதைக்காரர்களே மேல்.

அதே ‘ஆயிஷா’வை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கையில் திணித்துவிட்டு மணியடித்ததும் கிளம்பிவிடும் ஆசிரியரையும் நாம் ஏற்க மாட்டோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தது. எழுத்துக் கூட்டும் திறனுக்கு அது சரி. ஆனால் படித்துவிட்டு விக்கித்து உட்காரும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். பனியன் கம்பெனியில் நிற்கும் அம்மாவிடம் ராத்திரி பத்து மணிக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியாது. பள்ளிதான் செய்ய வேண்டும். கதைக்கு ஒரு பிரிவேளை, அதைப் பற்றிப் பேச இன்னொன்று. தலைமையாசிரியர் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.