முகாமுக்குப் போகும் பிள்ளைக்கு எந்தக் கத்தி?



தவணை விடுமுறை நெருங்குகிறது. சாரணர் முகாமுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர் எங்களிடம் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், "சேர், கத்தி கோடரி ஒன்றும் வேண்டாம், பிறகு பிரச்சினையாகிவிடும்" என்கிறார்கள். மற்றச் சாரார், ஒன்லைனில் பார்த்த முழ நீளக் கத்தியின் படத்தை அனுப்பி "இது நல்லமா சேர்?" என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலாமவர்களின் பயத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் தேடுதல் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸார் அறிவித்தார்கள். தேங்காய் உடைக்கும் கத்தியை எங்கே வைப்பது என்றே யோசித்த நாட்கள் அவை. ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் முதுசமாகக் கொடுக்க வேண்டுமா? 1912இல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணியத்தில் முடிச்சுப் போடுவதும் அடுப்பு மூட்டுவதும் கத்தி பிடிப்பதும் பாடங்கள்தான். எங்கள் பிள்ளைகள் மட்டும் அந்தப் பாடத்தில் ஒதுங்கி நிற்பது சரியல்ல.

சரி, எதை வாங்குவது?

அலகு 4 அங்குலம் போதும். தடிப்பு 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். குச்சி சீவ, கயிறு அறுக்க, மரக்கறி வெட்ட இதற்கு மேல் தேவையில்லை. அலகின் இரும்பு பிடிக்குள் முக்கால்வாசியாவது போயிருக்க வேண்டும். கடைசி வரை போயிருந்தால் இன்னும் நல்லது. பிடிக்குள் திசைகாட்டியும் தீப்பெட்டியும் வைத்த படக் கத்திகளை வாங்காதீர்கள். பிடி உள்ளே வெறும் குழாய். அலகு ஒரு சிறு மரையில்தான் நிற்கிறது. பலமாக ஒரு தரம் அழுத்தினால் கழன்றுவிடும். இரண்டு பக்கமும் கூர் உள்ளது வேண்டவே வேண்டாம். அதில் பெருவிரல் வைத்து அழுத்த இடமில்லை, பார்ப்பவருக்கும் அது ஆயுதமாகத்தான் தெரியும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தி வேலை செய்யும்போது விரல் மேலேயே மடங்கும்.

சுவீடனின் மோரா ஊர்ப் பெயரில் வரும் கத்திகள் இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துபவை. அது கிடைக்காவிட்டால் ஊர்க் கம்மாலைக்குப் போங்கள். லொறி ஸ்பிரிங் தகட்டில் அடித்த கத்தி பல வருடம் உழைக்கும். ஆனால் அந்தத் தகடு தடிப்பமானது, மெல்லியதாக அடித்துத் தரச் சொல்லுங்கள். இந்த வகை இரும்பு துருப்பிடிக்கும். பாவித்த பிறகு துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். கடலோரத்தில் இருப்பவர்கள் சில்வர் கத்தி எடுத்தாலும் பிழையில்லை.

கைக்கோடரி விடயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று தேவையில்லை, அணிக்கு ஒன்று போதும். சிறியதுதானே, ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். நீளக் கோடரி தவறினால் பெரும்பாலும் நிலத்தில் இறங்கும். குட்டைக் கோடரி தவறினால் முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வரும். அதனால்தான் முழங்காலிட்டு, அடிக்கட்டையின் மேல் வைத்துக் கொத்தப் பழக்க வேண்டும். தலை 500 முதல் 700 கிராம், பிடி 14 அங்குலம் அளவில் எடுங்கள். பிடி மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறியும். தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். அது அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னையைவிடத் தளரும். ஆப்பு அடியுங்கள். பாலை, முதிரை போன்ற வைர மரங்களில் மெல்லிய வாய் பொரிந்துவிடும் என்பதால் கோடரியின் வாயைக் கத்தி போல மெலிதாகத் தீட்டக் கூடாது.

மொட்டைக் கத்திதான் கையை வெட்டும். கூர் இல்லாதபோது பலம் கூடுகிறது, பலம் கூடும்போது கை வழுக்குகிறது. உழ்ஹிய்யாக் காலத்தில் கத்தியை நன்றாகத் தீட்டும் சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொண்டுபோகும் முறை வாங்குவதைவிட முக்கியம். கத்தி உறைக்குள், உறை பையின் அடியில். பஸ்ஸில் வெளியே எடுக்கக் கூடாது. பாடசாலையில் ஆசிரியரிடம் கொடுத்துப் பெயரைப் பதியுங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே பெட்டியில், அதிபரின் கடிதத்தோடு போகட்டும். வழியில் யாராவது கேட்டால் பதில் தாளில் இருக்கும். பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுங்கு இதற்கும் பொருந்தும்.

இன்னொன்று. தேசிய பூங்காவிலும் ஒதுக்கக் காட்டிலும் மரம் வெட்டுவது குற்றம். முகாமுக்கு விழுந்த சுள்ளியும் தேங்காய் மட்டையும் போதும். பச்சை மரத்தில் பெயர் செதுக்கும் பிள்ளைக்கு அடுத்த முகாமில் கத்தி கொடுக்கக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

கத்தியைக் கண்டு நடுங்கும் பிள்ளையும் வேண்டாம், கத்தியோடு படம் எடுத்து முகநூலில் போடும் பிள்ளையும் வேண்டாம். வேலை முடிந்ததும் துடைத்து உறையில் போடும் பிள்ளைதான் எங்களுக்கு வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு தரம் கேளுங்கள், வாங்கிய பிறகு முதல் வெட்டை வாப்பாமார் பக்கத்தில் இருந்து பழக்குங்கள்.