நாட்டுத் தக்காளி ஃபார்வர்டும் நம்ம விவசாயி அடிக்கிற 'மருந்தும்'

த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

"ஹைப்ரிட் தக்காளி விஷம், கேன்சர் வரும். நாட்டுத் தக்காளிதான் அமிர்தம்." இந்த வாரம் மட்டும் நாலு பேர் இதை அனுப்பிட்டாங்க. நாலு பேரும் நல்லாப் படிச்சவங்க. அதனாலதான் எழுதுறேன்.

ஹைப்ரிட் வேற, மரபணு மாற்றம் வேற. ரெண்டு ரகத்தை மகரந்தம் மூலமா சேர்த்து எடுக்கிற விதைதான் ஹைப்ரிட். மரபணு மாற்றத் தக்காளியை இந்தியாவுல பயிரிட அனுமதியே இல்லை. ஹைப்ரிட் தக்காளியால கேன்சர் வரும்ங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது.

அடுத்து உங்க 'நாட்டு'. தக்காளியே தென் அமெரிக்கால இருந்து வந்தது. பல சந்தைகள்ல நாட்டுத் தக்காளின்னு விக்கிற பி.கே.எம்-1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1978-ல வெளியிட்ட ரகம். தேனிப் பக்கத்து அன்னஞ்சி ரகத்துல செயற்கையா மியூட்டேஷனைத் தூண்டி எடுத்தது. நல்ல ரகம். எங்க வீட்டு ரசத்துக்கும் அதுதான். ஆனா தாத்தா காலத்து விதைன்னு கதை விடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பி.கே.எம்-1க்கு இலைச்சுருட்டு வைரஸை எதிர்க்கிற சக்தி இல்லை. வெள்ளை ஈ பரப்புற நோய் அது. சின்னச் செடியில வந்தா மகசூல் போச்சு. அதனால விவசாயி மருந்து அடிப்பார். (பூச்சிக்கொல்லிக்கு 'மருந்து'ன்னு பேர் வச்சவர் யாரோ!) வெள்ளை ஈக்கு அடிக்கிறதுல டைமெத்தோயேட்டும் ஒண்ணு. அது ஆர்கனோபாஸ்பேட்.

கறம்பக்குடி மாதிரி ஊர்ல அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவங்களுக்கு ஆர்கனோபாஸ்பேட்னா என்னன்னு சொல்லத் தேவையில்லை. தோள்ல ஸ்பிரேயர், இடுப்புல கைலி, மூக்குல துண்டுகூட கிடையாது. வாந்தி, கண்ணுல தண்ணி, ஊசிமுனை மாதிரி சுருங்கின கண்மணி. அட்ரோபின் போட்டுட்டு உட்கார்ந்திருப்போம். விஷம் தக்காளி ரகத்துல இல்லீங்க, அந்த ஸ்பிரேயர்ல இருக்கு.

அந்த ஸ்பிரேயரைத் தோள்ல இருந்து இறக்குற வழி எங்க இருக்கு? காட்டுத் தக்காளிகள்ல. பெரு, ஈக்வடார், சிலி மலைகள்ல வாயில வைக்க முடியாத பச்சைக் காய் காய்க்கிற செடிகள். நாம வளர்க்கிற தக்காளி எல்லாத்தையும் சேர்த்தாலும், அந்தக் காட்டுச் சொந்தங்கள்கிட்ட இருக்கிற மரபணு வேறுபாட்டுல 5 சதவீதத்துக்கும் குறைவுதான்னு ஒரு மதிப்பீடு உண்டு. மனுஷன் ஒரு சில விதையை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டான், அவ்வளவுதான்.

நம்ம நாட்டு விஞ்ஞானிகள் காலூவும் பானர்ஜியும் அப்படி ஒரு காட்டுச் செடியோட எதிர்ப்பு சக்தியைச் சாப்பிடுற தக்காளிக்குக் கொண்டு வந்தாங்க. 1990-ல வெளியான ஆய்வு. டி.ஒய்-2ன்னு அந்த ஜீனை உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட அர்க்கா ரக்ஷக் இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூணையும் தாங்கும். அது ஹைப்ரிட்தான். நீங்க 'விஷம்'னு சொல்ற அதே ஹைப்ரிட்.

ஒரே ஜீனை நம்பி உட்காரவும் முடியாது. டி.ஒய்-2வைச் சில வைரஸ் வகைகள் ஏற்கனவே தாண்டிடுச்சு. டி.பி.க்கு ஏன் ஆரம்பத்துல நாலு மருந்து சேர்த்துக் கொடுக்கிறோம்? அதே கணக்குதான். ரெண்டு மூணு ஜீன் சேர்க்கணும். சேர்க்கணும்னா கையில வேற வேற விதை இருக்கணும்.

ருசி போச்சுன்னு சொல்றது மட்டும் நியாயமான புகார். ஒரே சீரா சிவக்கணும்னு தேர்ந்தெடுத்ததுல, சர்க்கரைக்கு உதவுற ஒரு ஜீன் கெட்டுப்போச்சுன்னு 2012-ல கண்டுபிடிச்சாங்க. காம்புக்கிட்ட பச்சைத்தோள் தெரியுற பழத்துல அந்த ஜீன் நல்லா இருக்குன்னு அர்த்தம். பி.கே.எம்-1ல அது தெரியும். கடையில அதைத்தானே நாம ஒதுக்குறோம்?

2023-ல விலை ஏறினப்ப ரேஷன்ல கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தாங்க, நல்லது. பழத்துக்குக் குரல் கொடுத்த நாம விதைக்கும் கொடுக்கலாம். அன்னஞ்சி மாதிரி உள்ளூர் ரகங்களைத் தேடிச் சேகரிக்கவும், பி.கே.எம்-1 ருசியோட நோயும் தாங்குற ரகத்தை விவசாயியே விதை எடுத்து வைக்கிற மாதிரி உருவாக்கவும் பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்க. அடுத்த ஃபார்வர்டுல உங்க எம்.எல்.ஏ.வுக்கு இதை அனுப்புங்க, எனக்கு வேண்டாம்.