குகைக்குள்ள போனவை ‘சும்மா ஆக்கள்’ தான்

ஆராய்ச்சி எண்டால் பேராசிரியர்மாரின்ர வேலை, நாங்கள் நோட்ஸ் பாடமாக்கினால் போதும் எண்டு எங்கட பீடத்தில ஒரு கதை ஓடுது. இதைவிடப் பெரிய சோம்பல் இல்லை.

1986 மே மாதம், அமெரிக்காவின் நியூமெக்சிக்கோவில் குகை தேடும் தொண்டர்கள் சிலர் இடிபாட்டைத் தோண்டி லெச்சுகீயா குகைக்குள் இறங்கினார்கள். அதுவரை அது ஒரு சாதாரண பள்ளம். இன்று 240 கிலோமீற்றருக்கு மேல் வரைபடமாகியிருக்கிறது. அளந்தவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். 2006 இல் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்களைப் படமெடுத்தவரும் குகை தேடுபவர்தான். பிறகு இலட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற நோயின் முதல் சான்று அந்தப் படம்.

“கண்டவனும் போனால் குகை நாசமாகும்” எண்டு சொல்லுவீங்கள். உண்மைதான், சப்பாத்திலும் உடுப்பிலும் அந்தப் பூஞ்சை பரவும். அதனாலதான் பொறுப்பான தொண்டர்கள் ஒவ்வொரு குகைக்குப் பிறகும் எல்லாத்தையும் கழுவித் தொற்றுநீக்குகிறார்கள். லெச்சுகீயாவுக்குள் சுற்றுலாவுக்கு அனுமதியே இல்லை. ஆக, தேவைப்படுவது பட்டம் இல்லை, ஒழுங்கு.

யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலதான் இருக்கு. நாங்கள் குடிக்கிற தண்ணி அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளதான் கிடக்கு. கயிறும் கொப்பியும் போதும்: உங்கட வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கிழமைக்கொருக்கா அளந்து எழுதுங்கோ. ஆராய்ச்சி அங்கயும் தொடங்கும்.