பழுதுபார்ப்பு அழிவாகலாகாது

அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடித்தெறியும் வேலை 2006-இல் தொடங்கியபோது அக்கறை கொண்டோர் நீதிமன்றத்தை நாடி அதைத் தடுத்து நிறுத்தியதும், நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் கண்ட 467 கட்டடங்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்னும் கருத்துக்கு உயர்நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வலுவூட்டியதும், 2012-இல் சட்டமன்றம் பாரம்பரிய ஆணையச் சட்டத்தை இயற்றியதும் சென்னை நகரத்தின் சரித்திரத்தில் போற்றத்தக்க நிகழ்ச்சிகளாகும். இவற்றின் பயனாக, பழம்பெருமை வாய்ந்த ஒரு கட்டடத்தைக் கடப்பாரை கொண்டு தகர்ப்பது இன்று முன்போல் எளிதன்று. ஆயினும், சிமெண்டு மூட்டையோடும் கரண்டியோடும் வந்து, பழுதுபார்க்கிறோம் என்று சொல்லிச் சுவரைக் கெடுத்துவிட்டுப் போகிறவர்களையும், நூறாண்டு கண்ட தேக்கு ஜன்னல்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு அலுமினியச் சட்டங்களைப் பொருத்திவிட்டுப் போகிறவர்களையும் தடுத்து நிறுத்துவார் எவரும் இலர். இடிப்பைக் கண்டு ஊர் திரண்டு எழுகிறது. பழுதுபார்ப்பின் பெயரால் நிகழும் அழிவோ, அரசாங்கச் செலவிலேயே, பாராட்டுதலோடு நிறைவேறுகிறது.

இதில் ரசனைபேதம் என்று சொல்லி ஒதுக்கத்தக்கது எதுவுமில்லை. போர்ட்லண்டு சிமெண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். இந்தியாவில் அதை உற்பத்தி செய்யும் முதல் முயற்சி நம் சென்னையிலேயே 1904-இல் நிகழ்ந்து, நிலைக்காமற் போயிற்று. எனவே, 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடமும், சிஷோல்ம் என்னும் சிற்பியின் கைவண்ணமாகிய சர்வகலாசாலையின் செனட் மண்டபமும், அக்காலத்து எண்ணற்ற கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும் சுண்ணாம்புக் காரையைக் கொண்டு எழுப்பப்பட்டவையே. அக்காலத்துச் செங்கல் மிருதுவானது; நீரை உறிஞ்சும் இயல்புடையது. சுவருக்குள் புகுந்த ஈரம், செங்கல்லைக் காட்டிலும் மிருதுவான காரையின் வழியாக வெளியேறி ஆவியாகிவிடும்; அந்தப் போக்குவரத்தில் தேய்வது காரையே, செங்கல் அன்று. தேய்ந்த காரையைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டியெடுத்துப் புதிதாக அடைத்தால் சுவர் மீண்டும் உறுதி பெறும் என்பதே முன்னோர் வகுத்த ஏற்பாடு.

அந்த இடத்தில் சிமெண்டை அடைத்தால் என்ன நேர்கிறது? ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே தன் வழியாகக் கொள்கிறது. கடற்கரை நகரமாகிய சென்னையில் அந்த ஈரத்தோடு உப்பும் வருகிறது. நீர் ஆவியானபின் உப்பு செங்கல்லின் மேற்பரப்பை ஒட்டி உள்ளேயே படிகமாகித் தடித்து, அதன் முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. ஆண்டுகள் சில கழிந்தபின், சிமெண்டுக் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, அவற்றுக்கிடையே செங்கல் குழிந்து போயிருக்கும் சுவர்களை நம் ஊர்களில் யார்தாம் கண்டதில்லை? சுவர் உதிர்கிறதே என்று அதன்மீது மேலும் கனமாகச் சிமெண்டுப் பூச்சு பூசுவது, மூச்சு முட்டுகிறவனுக்குப் போர்வையை மேலும் இழுத்துப் போர்த்துவதற்கு ஒப்பாகும்.

ஜன்னல்களின் கதை இதைவிடத் துயரமானது. அக்காலத்துத் தேக்கு, காட்டில் நெடுங்காலம் நின்று முதிர்ந்த மரத்தின் வயிரம்; இன்று தோட்டங்களில் விரைந்து வளர்த்து வெட்டப்படும் தேக்கில் அத்தகைய வயிரத்தைக் காண்பது அரிது. அந்த மரத்தில் கழுந்தும் துளையுமாக இணைத்து, சாய்ந்த பலகைகளை வரிசையாக அடுக்கி, ஒரே கோலை அசைத்தால் அத்தனையும் திறக்கவும் மூடவும் கூடியதாகச் செய்த ஜன்னல், வெயிலையும் சாரலையும் வெளியே நிறுத்திவிட்டுக் கடற்காற்றை மட்டும் உள்ளே விடும் அற்புதமான சாதனம். அது ஒருநாளும் முழுவதுமாகக் கெடுவதில்லை. நீர் தங்கும் இடமாகிய அடிச்சட்டமும் நிலையின் கால்களுமே இற்றுப்போகின்றன. மேற்பகுதி பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். தேர்ந்த தச்சர் ஒருவர், இற்ற பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, அதே இனத்து முதிர்ந்த மரத்தில் ரேகை ஒத்துவருமாறு துண்டு வைத்து இணைத்து, அடைந்து கிடக்கும் பழைய வர்ணப் படலங்களை நீக்கி, கீல்களைச் சரிசெய்து கொடுப்பாரானால் அந்த ஜன்னல் இன்னும் ஒரு தலைமுறைக்குக் குறையாமல் உழைக்கும். ஆனால் நடப்பது வேறு. அடிச்சட்டம் கெட்ட ஜன்னல் முழுவதும் கெட்டதாகக் கணக்கெழுதப்பட்டுக் கழிக்கப்படுகிறது. தப்பிய ஜன்னல்களோ, குளிர்சாதனப் பெட்டி வைப்பதற்காக நடுவில் அறுக்கப்பட்டு, அப்பெட்டி சொட்டும் நீரை இரவும் பகலும் சுவரின்மேல் வழியவிட்டுக்கொண்டு நிற்கின்றன.

சுவரின் நோயும் ஜன்னலின் நோயும் வெவ்வேறல்ல என்பதை அதிகாரிகள் உணரவேண்டும். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் சிமெண்டைத் திணிக்கும்போது, ஈரம் மரத்தின் பின்புறம் தேங்கி நிற்கிறது, மரம் இற்றுப்போகிறது, கரையானும் வந்து சேர்கிறது. அதற்கும் முன்னதாக, மொட்டைமாடியில் அடைபட்ட நீர்த்தாரையும், கைப்பிடிச் சுவரில் வேரூன்றிய அரசங்கன்றும் கவனிப்பாரற்றுக் கிடந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பூச்சு வேலையைத் தொடங்குகிறவர்கள் பழுதை மூடி மறைக்கிறார்களே அன்றிச் சீர்செய்கிறார்கள் அல்லர்.

சரியாகச் செய்ய நம்மால் இயலாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையாகி, தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரையும் பலிகொண்டு, கூரையிழந்து நின்றபோது, அதை இடித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். அது இடிக்கப்படவில்லை, சீரமைக்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகிறது. அதன் பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்புக் காரையையே மீண்டும் கையாண்டு புதுப்பித்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறோம். தாமதத்தின் விலையை அறிய விரும்புவோர் புதுச்சேரிக்குச் சென்று பார்க்கட்டும். 1870-களைச் சேர்ந்த அந்நகரத்தின் மேரி (நகர மண்டபம்) கட்டடம் 2014 நவம்பர் மாதப் பெருமழையில் இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் அதே இடத்தில் எழுப்பப்பட்ட புதிய கட்டடம் 2021-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களின் சிரத்தையைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. எனினும், இழந்தது இழந்ததே.

சுண்ணாம்பு வேலைக்குக் காலதாமதம் ஆகிறது என்பது ஒப்பந்தக்காரர்களின் முறையீடு. உண்மைதான். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவிட்டு அரைக்கவேண்டும். பூசியபின் அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றே இறுகுமாதலால், மெல்லிய படலங்களாகப் பூசி ஈரம் காயாமல் காக்கவேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்துவிடவேண்டும் என்னும் அவசரத்துக்கு இந்த நிதானம் ஒத்துவராதுதான். அப்படியானால் மாற்றவேண்டியது அந்த அவசரத்தை. தேர்ந்த தொழிலாளர் அருகிவிட்டனர் என்பது மற்றொரு முறையீடு. அருகியதற்குக் காரணம், அவர்களுக்கு வேலை கொடுப்பார் இல்லாமையே. மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பக் கல்லூரியை நடத்திவரும் அரசாங்கத்துக்கு, தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்புக் கொத்துவேலையையும் பழைய மரவேலையின் செப்பனிடுதலையும் பாடமாக வைப்பது ஆகாத காரியமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு தொடங்கும் இடம் டெண்டர்தான். மிகக் குறைந்த தொகை கேட்பவனுக்கே வேலை என்ற விதி, புதிய கிட்டங்கி கட்டுவதற்குப் பொருந்தலாம். இருநூறாண்டுச் சுவருக்குப் பொருந்தாது. விலைவிகிதப் பட்டியலில், புதிய ஜன்னல் பொருத்துவதற்கு ஒரு தொகையும், பழைய ஜன்னலைச் செப்பனிடுவதற்கு அதன் உழைப்புக்கு ஈடான வேறொரு தொகையும் தனித்தனியே விதிக்கப்படவேண்டும். செப்பனிடுவதில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் நியாயமான கூலி கிடைக்காத வரையில் பெயர்த்தெறிவதே லாபமாக இருக்கும். ஒவ்வொரு ஜன்னலும் எண்ணிடப்பட்டு, எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று படத்துடன் பதிவு செய்யப்பட்ட பின்னரே எஸ்டிமேட்டு எழுதப்படவேண்டும். சுவரின் ஒரு மூலையில் மாதிரியாகச் சிறிதளவு வேலை செய்து காட்டி, பழைய காரையின் நிறத்துக்கும் தன்மைக்கும் அது ஒத்திருப்பதை வல்லுநர் ஏற்றுக்கொண்ட பிறகே மற்ற வேலைக்கு அனுமதி வழங்கப்படவேண்டும். பத்மநாபன் குழுவின் பட்டியலில் உள்ள எந்தக் கட்டடத்திலும் சிமெண்டு உபயோகிப்பதற்குப் பாரம்பரிய ஆணையத்தின் எழுத்துமூலமான அனுமதி தேவை என்று விதி செய்வதில் அரசாங்கம் இனியும் தயங்கலாகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் ஆண்டுதோறும் நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்வதற்கும், செடிகொடிகளை வேரோடு களைவதற்கும், ஜன்னல்களின் அடிச்சட்டங்களைச் சோதிப்பதற்கும் ஒரு சிறு தொகையை, வெட்டுக்கு உட்படாத நிரந்தரச் செலவாக, இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.