தொய்வும் தும்புத்தடியும்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து பேசாலை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள தோட்டவெளி, மணலும் பனையும் கடற்காற்றும் சேர்ந்த ஊர். ஆண்டின் நடுப்பகுதியிற் சோளகம் மணலை வாரி வீட்டுக்குள் இறைக்கும். ஆண்டிறுதியில் மாரியும் வாடையும் சுவர்களை ஈரமாக்கும். இத்தகைய ஊர்களிற் பிள்ளையொன்றுக்கு விடியற்புறத்தில் மூச்சு இரைக்கத் தொடங்கினால் அயலார் கூறும் காரணங்கள் மூன்று. பனி பட்டது என்பர், பரம்பரை என்பர், தாய் வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதில்லை என்பர். முதலிரு காரணங்களும் எவர்மீதும் குற்றஞ் சுமத்துவதில்லை. மூன்றாவது, விடிந்தது முதல் தும்புத்தடியோடு நிற்கும் ஒருத்தியின் மீது குற்றத்தைச் சுமத்துகின்றது. பொய்யான அப்பழி நோயின் மெய்யான காரணங்களையும் மறைத்து நிற்பதால், அதனை அறிவு கொண்டு மறுத்தல் அவசியமாகின்றது.

ஒவ்வாமை என்று இன்று வழங்கும் பொருளைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்க்கே ஆக்கினார். வீட்டுத் தூசு ஏன் தும்மலையும் இரைப்பையும் உண்டாக்குகின்றது என்ற வினாவுக்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹொர்ஸ்ற், ஸ்பீக்ஸ்மா முதலியோர் அவ்விடையைத் தந்தனர். தூசில் வாழும் ஓர் உண்ணியே முதன்மையான காரணம் என அவர்கள் காட்டினர். ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கேயான அவ்வுண்ணி கண்ணுக்குப் புலப்படாது. மனிதரின் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. தலையணையும் மெத்தையும் அதன் இருப்பிடங்கள். அது நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலால் உறிஞ்சி உயிர் வாழ்கின்றது. அதன் எச்சத்திலுள்ள புரதம் மூச்சோடு உட்செல்லும்போது, ஒவ்வாமை உடையவரின் மூச்சுக்குழாய் சுருங்குகின்றது.

இவ்வுண்மையின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். உண்ணியின் பெருக்கத்தைத் தீர்மானிப்பது வீட்டின் அழுக்கு அன்று, காற்றின் ஈரப்பதன். ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் நிலைத்தால் உண்ணி உலர்ந்து இறக்கும். கடல் சூழ்ந்த மன்னார்த் தீவில் அவ்வாறு நிலைப்பது அரிது. மாளிகையாயினும் குடிசையாயினும், ஒரு நாளில் மூன்று முறை கூட்டப்படும் வீடாயினும், மனிதர் படுத்துறங்கும் இடமெங்கும் அது வாழும். தாயின் சோம்பலால் அது வரவில்லை. அவளுடைய சுறுசுறுப்பால் அது போய்விடப் போவதுமில்லை. அன்றியும், உலர்ந்த தரையைத் தும்புத்தடியால் விசைந்து கூட்டுவது படிந்திருந்த தூசை மீண்டும் காற்றில் எழுப்புகின்றது. அத்தூசை முதலில் உட்கொள்பவள் கூட்டுகின்றவளே. அடுத்து உட்கொள்வது அருகில் இருக்கும் பிள்ளை. ஆகவே, 'இன்னும் நன்றாகக் கூட்டு' என்று கூறும் அயலவரின் அறிவுரை நோயைத் தணிப்பதற்கு மாறாக வளர்த்துவிடவும் கூடும்.

இப்பழியை விட்டு விலகிக் கற்றோரிடம் சென்றால் வேறொரு சிக்கல் காத்திருக்கின்றது. சுகாதார நூல்களும் பத்திரிகைப் பக்கங்களும் தரும் அறிவுரைப் பட்டியலிற் பெரும்பகுதி குளிர் நாட்டு வீட்டுக்கு உரியது. கம்பளத்தை அகற்றுக, தூசுறிஞ்சும் இயந்திரத்தைப் பயன்படுத்துக, காற்றை வடிகட்டும் கருவியை அறையில் வைக்குக, மெத்தைக்குத் தனி உறை வாங்குக என்றவாறு அது நீளும். சீமெந்துத் தரையில் பாய் விரித்து உறங்கும் குடும்பத்துக்குக் கம்பளத்தைப் பற்றி என்ன கவலை? மீன்பிடியையும் நாட்கூலியையும் நம்பியிருப்போர் அக்கருவியை எதைக் கொண்டு வாங்குவர்? வாங்கினாலும் பயன் யாது? உண்ணியின் எச்சத்துகள்கள் பருமனானவை. காற்றில் எழுந்தாலும் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். தலையணையில் முகம் புதைத்து உறங்குபவர் உட்கொள்ளும் துகளை மூலையிலிருக்கும் கருவி வடிகட்ட மாட்டாது. உண்ணியை மட்டும் குறிவைக்கும் உறைகளும் மருந்துத் தெளிப்புகளும் ஆஸ்த்துமாவைத் தணிப்பதாக நிறுவப்படவில்லை என்பது, 54 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2008இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வின் முடிவாகும். விற்பனைக்கு வைக்கப்பட்ட சுகாதாரம் ஏழையின் வீட்டுக்கு எட்டாதது மட்டுமன்று. வாங்கியவன் வீட்டிலும் அது போதியதன்று.

அவ்வாறாயின் வீட்டைத் திருத்துவது வீண் முயற்சியா? அன்று. அமெரிக்காவின் ஏழு நகரங்களில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 937 பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் எவை ஒவ்வாதவை என அறிந்து, உண்ணி, கரப்பான், புகை, பூஞ்சணம் முதலிய பலவற்றையும் ஒருசேரக் குறைத்தபோது, மூச்சு இரைத்த நாட்கள் குறைந்தன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுவதே தவறு. தோட்டவெளி போன்ற ஊரின் வீட்டில் அந்த ஏனையவை எவை?

முதலாவது புகை. விறகுப் புகை ஒவ்வாமைப் பொருள் அன்று. ஆயினும் ஏற்கனவே புண்பட்ட மூச்சுக்குழாயை உறுத்தி இரைப்பை எழுப்புவதில் அது எதற்கும் இளைத்ததில்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலுள்ள குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடையாதபோது, அதனை விட்டிருந்தோர் பலரும் விறகுக்கே திரும்பினர். வீட்டுக்குள் எழும் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் நிற்பவள் எவள், அவளது இடுப்பில் இருப்பது எவருடைய பிள்ளை என்பதைக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது நுளம்புத்திரி. ஒரு திரி எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு ஒப்பானவை என 2003இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. கதவையும் யன்னலையும் அடைத்துத் திரியைக் கொளுத்தி அதனருகே பிள்ளையை உறங்க வைக்கும் வழக்கம் எத்துணை கொடிது! எனினும் நுளம்பைப் பொறுத்துக்கொள்ளுமாறு எவரும் கூறவியலாது. மலேரியா அற்ற நாடென இலங்கை 2016இற் சான்றுபெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னார்த் தீவிற் கண்டறியப்பட்டது. திரியைக் கைவிடுவது நியாயமாக வேண்டுமாயின் வலை ஒவ்வொரு பாயின் மேலும் தொங்குதல் வேண்டும்.

மூன்றாவது ஈரமும் அதனால் வரும் பூஞ்சணமும் கரப்பானும். சுவரில் ஈரம் ஏறுவதும், காற்று புகாத அறையில் உடுப்புகள் கொடியில் குவிந்து கிடப்பதும் வீட்டின் அமைப்பிலிருந்து பிறக்கின்றன. அத்திவாரத்தின் மேல் ஈரம் ஏறாது தடுக்கும் படை இடப்பட்டதா? எதிரெதிரே யன்னல்கள் உள்ளனவா? அடுப்படிக்குப் புகைபோக்கி உண்டா? இவற்றுள் எதனையும் தும்புத்தடி தீர்மானிப்பதில்லை. வரைபடம் வரைந்தவரும், பணம் ஒதுக்கியவரும், அமைப்பை ஏற்றுக் கையொப்பமிட்டவருமே தீர்மானிக்கின்றனர்.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. அவற்றின் தொகையைப் பேசியோர் பலர். அவற்றுக்குள் விடப்படும் மூச்சைப் பேசியோர் சிலர். 2016இல் இப்பகுதிகளில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்க அரசு முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. வெப்பம் மிகும், வளியோட்டம் போதாது, அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை என்பன எதிர்த்தோர் கூறிய காரணங்களுட் சில. முன்வைக்கப்பட்ட வடிவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. வீட்டின் வடிவம் பொதுமக்கள் கேள்வி கேட்கத்தக்க அரசியற் பொருள் என்பதற்கு அந்நிகழ்வு சான்று. நியூசிலாந்தில் ஆஸ்த்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளில் பழைய சூடாக்கிகளுக்குப் பதிலாகத் திறன்மிக்கவற்றைப் பொருத்தியபோது இருமலும் இரைப்பும் பாடசாலைக்குச் செல்லாத நாட்களும் குறைந்ததாக 2008இல் ஆய்வு வெளியாயிற்று. குளிர் நாட்டில் சூடாக்கி எதுவோ, மன்னாரில் அடுப்பு அதுவே. அங்கு வீட்டைத் திருத்தினர், தாய்மாரை ஏசவில்லை.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். மருந்து இருக்க வீட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்பர் சிலர். மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிக்கும் இன்ஹேலர் இன்றியமையாதது. மருத்துவர் கூறாது அதனை நிறுத்துவது ஆபத்து. ஆயின் பகலில் மருந்தைக் கொடுத்துவிட்டு இரவிற் புகைக்குள் உறங்க வைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பழைய ஓலைக் குடிசைக்கே திரும்பினால் நோய் தீரும் என்பர் வேறு சிலர். இப்பழமைப் போற்றலும் பிழை. ஓலைக்கூரையும் தூசுக்கும் பூச்சிக்கும் இருப்பிடமே. குடிசை அடுப்படியிலும் புகை நிறைந்தே இருந்தது. பழமையிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பனையோலைப் பாயை நாள்தோறும் உதறிச் சுருட்டலாம், வெயிலில் விரிக்கலாம். கடுவெயிலின் வெப்பமும் உலர்வும் உண்ணியைக் கொல்லும். பஞ்சு மெத்தையோ ஆண்டுக்கணக்கில் அறையை விட்டு வெளியேறுவதில்லை.

வீட்டாராற் செய்யத்தக்கவை சிலவே. அவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை. பாயையும் தலையணையையும் கடுவெயிலில் இட்டு, பின்னர் நன்கு உதற வேண்டும். ஏனெனில் இறந்த உண்ணியின் புரதமும் ஒவ்வாமை தரும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரமொருமுறை தோய்க்க வேண்டும். 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீர் உண்ணியைக் கொல்லும். தரையை ஈரத்துணியால் துடைத்தல் நன்று. கூட்டும்போது நோயுள்ள பிள்ளை வெளியே இருத்தல் வேண்டும். அரிசியையும் கருவாட்டையும் மூடி வைத்தாற் கரப்பான் குறையும். குப்பையை யன்னலோரம் எரித்தலாகாது. இவற்றைத் தகப்பனும் அண்ணனும் செய்யலாம் என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

எஞ்சியவை வீட்டாராற் செய்யத்தக்கன அல்ல. புகைபோக்கியும் எதிரெதிர் யன்னலும் ஈரத்தடுப்பும் இல்லாத வரைபடத்துக்கு எந்த வீட்டுத் திட்டத்திலும் ஒப்புதல் அளிக்கப்படலாகாது. முன்னரே எழுந்த வீடுகளின் அடுப்படிகளுக்குப் புகைபோக்கி அமைக்கப் பிரதேச சபைகள் நிதி ஒதுக்குதல் வேண்டும். நுளம்பு வலை எட்டாத குடும்பத்துக்கு அது வழங்கப்படல் வேண்டும். பல்கலைக் கழகத்தார்க்கும் கடன் உண்டு. பிறநாட்டுப் பட்டியலை மொழிபெயர்ப்பதோடு அமையாது, தீவின் வீடுகளுக்குட் சென்று, ஈரத்தையும் புகையையும் அளந்து, அங்குள்ளோர்க்கு விளங்கும் தமிழில் எழுதுவது அக்கடன். அதுவரை, மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்து விழித்திருக்கும் தாயிடம் வீட்டின் துப்புரவு பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.