போன வாரம் எவ்வளவு நடந்தீர்கள்?

"தினமும் நடக்கிறீர்களா, அம்மா?" என்று டாக்டர் கேட்கிறார். மார்கழியில் கேட்டால் ஒரு பதில் சொல்லுவீர்கள். சித்திரையில் கேட்டால் வேறு பதில் சொல்லுவீர்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் யோசிக்கும்போது அந்தப் பதிலும் கணக்கில் சேருகிறதே!

ஜனங்களின் உடலுழைப்பைக் கணக்கெடுக்கிறவர்களும் பெரும்பாலும் கேட்டுத்தான் எழுதிக்கொள்ளுகிறார்கள். பல தேசங்களில் வழங்கும் ஒரு கேள்வித்தாள் 'கடந்த 7 நாட்களில்' என்றே விசாரிக்கிறது. குளிர் தேசங்களில் பனிக்காலத்தில் கேட்டால் கணக்கு இறங்குகிறது. கோடையில் கேட்டால் ஏறுகிறது. நம் புதுக்கோட்டையிலோ கதை தலைகீழ்! கத்திரி வெயிலில் கீழராஜ வீதிக்குக் காய்கறி வாங்கப் போய் வருவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி பிறந்தால்தான் விடியற்காலையில் எழுந்து, வாசலை அடைத்துக் கோலம் போட்டு, திருக்கோகர்ணம் வரை நடந்து பிரகதாம்பாளைத் தரிசித்து வருகிறோம். (பொங்கல் முடிந்ததும் அந்த உற்சாகம் எங்கே போகிறதோ, அம்பாளுக்கே வெளிச்சம்!)

சித்திரையில் நாம் உலாவப் போவதில்லை, வாஸ்தவம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத அந்த நாட்களில் தெருக்கோடியிலிருந்து குடம் சுமந்தது யார்? 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. குடத்தின் எடை வேறு. வடாம் தட்டோடு மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியது யார்? கேட்டால், "நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்கிறோம்.

1990களின் ஆரம்பத்தில் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். வேலைக்குப் போனார்கள், தண்ணீர்க் குடத்தையும் அதிலேயே கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் தேகப் பயிற்சி உண்டா என்று கேட்டிருந்தால், "அதற்கெல்லாம் எனக்கு ஏதுங்க நேரம்?" என்றுதான் சொல்லியிருப்பாள்.

இந்தியாவில் 2022-இல் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், ஆண்களில் 42 பேருக்கும் போதிய உடலுழைப்பு இல்லை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த 57-இல் எத்தனை 'சும்மா' அடக்கமோ! உலக சுகாதார ஸ்தாபனத்தின் கேள்வித்தாள் வீட்டு வேலையையும் வேலை என்றே சேர்த்துக்கொள்ளுகிறது. அதற்காக அடுப்பங்கரையில் நின்ற நேரத்தையெல்லாம் எழுதிவிடாதீர்கள், சகோதரிகளே! மூச்சு சற்று வாங்கும்படி உழைத்தால்தான் கணக்கு.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அந்த நிமிஷங்களை ஒரு மூலையில் குறித்து வாருங்கள். வருஷம் முழுவதும் வேண்டாம். தையில் ஒரு வாரம், சித்திரையில் ஒரு வாரம், ஆடியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. டாக்டரிடம் போகும்போது நாலு தாள்களையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேண்டும் என்கிறார்கள். நாளைக்கு 22 நிமிஷம்கூட ஆகவில்லை. சித்திரைத் தாளில் குறைந்திருந்தால் சூரியன் தலைகாட்டுமுன் மொட்டை மாடியில் நடக்கலாம். கார்த்திகைத் தாளில் குறைந்திருந்தால் கூடத்திலேயே மேலும் கீழும் நடக்க வேண்டியதுதான். வீட்டிலுள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்!