ஆறு வளைந்து போகிறது, நமக்கு என்ன அவசரம்?

விடுமுறை நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீஷான் - அங் மோ கியோ பூங்கா பக்கம் போயிருக்கிறீர்களா, மாணவர்களே? அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயாக இருந்தது. மழைநீரை விரைவாக வெளியேற்றுவதே அதன் வேலை. 2012ல் திறக்கப்பட்ட புதிய வடிவத்தில் அதே ஆறு 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடுகிறது. இறங்க வேண்டிய உயரம் மாறவில்லை, பாதை நீண்டுவிட்டது. அதனால் சரிவு குறைந்தது. கரையில் உள்ள கற்களும் செடிகளும் நீரின் வேகத்தை இன்னும் தணிக்கின்றன. கனமழை பெய்தால் ஆறு அகலமாகப் பரவ இடமும் இருக்கிறது. தட்டான்களும் கொக்குகளும் வந்தன, நீர்நாய்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன.

ஓர் ஆற்றையே பொறியாளர்கள் வேண்டுமென்று மெதுவாக்கிய இடத்தில், நம்மில் சிலர் சைக்கிளில் பறக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

“பூங்கா இணைப்புப் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாமே” என்பீர்கள். போகலாம்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 7 மீட்டர் கடந்துவிடுவீர்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை பாதைக்குள் ஓடி வருகிறது. அதைப் பார்த்து, உணர்ந்து, பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே அந்த 7 மீட்டர் போய்விட்டது! பிறகு சைக்கிள் நிற்க வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வேகம் இரு மடங்கானால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடித்த பிறகு சைக்கிள் ஓடும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. மழையில் நனைந்த பாதை என்றால் அதுவும் போதாது.

இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் என்ன? 3 கிலோமீட்டரை 25 வேகத்தில் கடக்க 7 நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். பாதி வேகத்தில் 14 நிமிடம். மிச்சம் 7 நிமிடம். அதையும் நிழலில் உட்கார்ந்து வியர்வை துடைப்பதில் செலவழிக்கிறோம்.

வேகமாக ஓட்டினால்தான் உடற்பயிற்சி என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு ஆள் நடமாட்டமில்லாத பாதையைத் தேடிக்கொள்ளட்டும். பாட்டிகளும் தள்ளுவண்டிகளும் போகும் பாதை அதற்கானதல்ல.

அடுத்த முறை போகும்போது, கைப்பேசியில் வேகம் காட்டும் செயலியை அணைத்துவிடுங்கள். ஆறு வளையும் இடத்தில் சைக்கிளை நிறுத்தி, நீரில் மிதந்து வரும் இலைகளைக் கவனியுங்கள். வளைவின் வெளிப்பக்கம் போகும் இலை முந்துகிறதா, உட்பக்கம் போவது முந்துகிறதா? வண்டல் எந்தக் கரையில் படிந்திருக்கிறது? புவியியல் பாடத்தில் படித்தது அங்கே உங்கள் கண் முன்னே நடந்துகொண்டிருக்கும்.